யார் கைச் சமையல்?

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் ஒரு காலைச் சாப்பாட்டைச் சொல்கிறது. திபேரியாக் கடலில் இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் அகப்படாமல் சோர்ந்துபோன ஏழு பேர், கரையில் நின்றவர் சொன்ன பக்கம் வலையைப் போட்டு 153 பெரிய மீன்களோடு திரும்புகிறார்கள். கரையில் கரி நெருப்பு ஏற்கெனவே மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன், கூடவே அப்பம். அடுப்பு மூட்டியவை, உயிர்த்தெழுந்த இயேசுவின் ஆணித் தழும்புள்ள கைகள்.

பிரசங்கிமார் பலருக்கும் 153 என்ற எண்ணை விளக்குவதிலேயே நேரம் போய்விடுகிறது. அதைவிடச் சுவையான விஷயம் பக்கத்திலேயே கிடக்கிறது. அடுப்பில் மீன் இருக்கும்போதே, அவர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார் இயேசு. விருந்தாளிகளாக உட்காரவைத்துப் பரிமாறிவிட்டுப் போகவில்லை. அவர்களுடைய உழைப்பையும் சமையலில் சேர்த்துக்கொள்கிறார். மூன்று முறை அவரை மறுதலித்த பேதுருவும் அங்கே இருக்கிறார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவரிடம் எந்த விசாரணையும் இல்லை. அன்பைப் பற்றிய கேள்வி வயிறு நிறைந்த பிறகுதான் வருகிறது.

ஏறக்குறைய 25 ஆண்டுகள் கழித்து, கொரிந்து பட்டணத்துச் சபை, சேர்ந்து உண்ணும் இதே பாடத்தில் தோற்றது. அன்று தனி ஆலயக் கட்டடங்கள் கிடையாது. விசுவாசிகள் வீடுகளில் கூடினார்கள். கர்த்தருடைய பந்தி உண்மையான ஒரு வேளைச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு உண்டார்கள், வெறிக்கும் அளவுக்குக் குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடித்து வர நேரமாகியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ரோமானியர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சாய்ந்து உண்ண ஒன்பது பேருக்குத்தான் வழக்கமாக இடம். மீதிப் பேர் முற்றத்தில் இருந்திருப்பார்கள். அந்தப் பந்தியை ஆண்டவருடைய பந்தியாகவே அப்போஸ்தலன் பவுல் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று அந்தச் சபைக்கு நிருபம் எழுதி அனுப்பினார்.

அதே நிருபத்தில் இரண்டு அதிகாரங்கள் தள்ளி வருவதுதான் அன்பைப் பற்றிய புகழ்பெற்ற 13ஆம் அதிகாரம். இன்று அது கல்யாண வீட்டு வாசிப்பாகிவிட்டது. மணமக்களுக்கு அதை வாசிப்பதில் தவறில்லை. ஆனால் அதை முதலில் கேட்டவர்கள் சாப்பாட்டு விஷயத்தில் ஒருவரையொருவர் அவமானப்படுத்திய சபையார். அன்பின் குணங்களில் பவுல் பொறுமையை முதலில் வைத்ததற்கு அந்தப் பந்தியையே உரையாக வைத்துப் படிக்கலாம்.

ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில், மோந்தே கசினோ மலைமேல் மடம் நிறுவிய புனித பெனடிக்ட், அன்பைப் பற்றிப் பேசியதோடு நில்லாமல் அதற்குச் சமையலறை முறையே எழுதிவைத்தார். அவருடைய ஒழுங்கு நூலின் 73 அதிகாரங்களில் 35ஆவது, சமையலறைப் பணியைப் பற்றியது. துறவிகள் வாரமுறை வைத்து அதைச் செய்யவேண்டும். நோயாளிக்கும் முக்கியமான வேறு பொறுப்பில் இருப்பவருக்கும் மட்டுமே விலக்கு. முறை முடிப்பவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்து, அடுத்த முறைக்காரரோடு சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவவேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக, உடையாமல் திருப்பித் தரவேண்டும். மடத்தின் பாத்திரம் பண்டங்களைப் பீடத்துப் பாத்திரங்களைப்போல மதிக்கவேண்டும் என்று இன்னோர் அதிகாரம் சொல்கிறது. தினமும் சமைத்த பதார்த்தம் இரண்டு. ஒன்று ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதை உண்ணட்டும் என்பதற்காக.

பெனடிக்ட் மனித இயல்பும் தெரிந்தவர். பரிமாறுகிறவர்களுக்குப் பந்திக்கு முன்பே கொஞ்சம் அப்பமும் பானமும் கொடுத்துவிடச் சொல்கிறார். வெறும் வயிற்றோடு அடுத்தவருக்குப் பரிமாறினால் முணுமுணுப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் இந்தப் பேச்சு கசக்கத் தொடங்குகிறது. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக ‘அன்பின் விருந்து’ ஒன்றில் கலந்துகொள்ளவேண்டும் என்றது. ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்த உணவை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவேண்டும். உபதேசிமார் பலர் மறுத்தார்கள், வேலையை இழந்தார்கள். வேதம் கற்பித்த வாய்க்கு அந்தச் சோறு இறங்கவில்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடும் இதையே நிபந்தனையாக்கியபோது, லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லுத்தரன்கள் இணங்கவில்லை.

கட்டாயத்தால் விழுங்கும் கவளம் அன்பாகுமா என்ற அவர்களுடைய தரப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் மதுரை மிஷன் சரியான இடத்தில்தான் கைவைத்தது. ஏழைக்கு அன்னதானம் போடுவது மேலிருந்துகூடச் செய்யக்கூடிய காரியம். அவர் சமைத்ததை வாங்கி உண்ண, இறங்கி வரவேண்டும். கொடுக்கும் கையில் அன்பு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினம்; வாங்கும் கை தயங்கினால் உடனே தெரிந்துவிடும்.

நெல்லை, தூத்துக்குடி வட்டாரச் சபைகளில், எல்லோரும் கூடி உண்ணும் அசனம் இன்றும் பெரிய நாள். முந்தின இரவே வெங்காயம் உரித்து, காய் நறுக்கி, விடியுமுன் அண்டாவில் உலை வைத்து, மத்தியானம் ஊரே பந்தியில் உட்காரும். இப்போது காண்ட்ராக்ட் சமையலும் வந்துவிட்டது. வேலை சுலபம்தான். ஆனால் பக்கத்துத் தெருக்காரரோடு ஒரே முறத்தைச் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் இரவும் அதோடு போய்விடுகிறது.

அடுத்த அசனத்துக்கு நன்கொடைச் சீட்டு வாங்கும்போது, காய் நறுக்கவும் ஒரு பெயரைக் கொடுத்துவிடுங்கள். பந்திக்கு உட்காருமுன் கொட்டகைக்குப் பின்னால் போய், கிளறுகிறவர் யார், பாத்திரம் கழுவுகிறவர் யார், வருடாவருடம் அதே தெருக்காரர்கள்தானா என்று பாருங்கள். அப்படியானால், இந்த முறை அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்து நீங்கள் பரிமாறுங்கள். மறுமுறை அவர்கள் பிடிக்கிற கரண்டியை நீங்களும் பிடியுங்கள்.