சுண்ணாம்பு மறைக்கும் கோடு

வீடு விலைக்கு வருகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கிறார், கதவுக்கு வண்ணம் பூசுகிறார் உரிமையாளர். நன்று! ஆனால், இடுப்பளவு உயரத்தில் வெள்ளம் விட்டுச்சென்ற கோட்டையும் அச்சுண்ணாம்பு மறைக்கிறதே, அது தூய்மையா, சூழ்ச்சியா என்று நாம் கேட்கிறோம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரம் நீரின் சீற்றத்தை நன்கறியும். 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருமழை வெள்ளம், 2024-இல் தென்பெண்ணையின் பெருக்கு. இத்தனைக்குப் பின்னும் வீடு வாங்க வருபவர் கேட்பதென்ன? வாசல் எத்திசை, வாஸ்து பொருந்துமா! தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கேட்பாரில்லை.

"கேளாததை ஏன் சொல்லவேண்டும்?" என்பார் விற்பவர். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விடை கூறுகிறது: விற்பவர் அறிந்ததும், வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாததுமான பெருங்குறையை விற்பவர் சொல்லியாகவேண்டும்; சொல்லாது விடுவது மோசடி.

"உண்மை சொன்னால் விலை குறையுமே, நானும் ஏழைதானே!" எனலாம். குறையும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு தந்த இழப்பை, அறியாத இன்னொரு ஏழையின் தலையில் ஏற்றுவது எந்த நீதி? உண்மை அறிந்தவன் தரையை உயர்த்துவான், பத்திரங்களைப் பரண்மேல் வைப்பான், குழந்தைகளோடு முன்னரே வெளியேறுவான். அறியாதவன் நள்ளிரவில் நீரில் விழிப்பான்.

தோழர்களே! வாங்கும்போது திசையைக் கேளாதீர், தண்ணீரைக் கேளுங்கள். விற்கும்போது, கேட்காவிடினும் சொல்லுங்கள்.