சம்பளமும் மௌனமும்

உடனுழைப்பவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது பண்பற்ற செயல் என நம்மிற் பலர் கருதுகின்றனர். இந்த நாகரிகம் யாருக்குப் பயன்படுகிறது?

அரசாங்கப் பாடசாலை ஆசிரியரின் சம்பளத் திட்டம் சுற்றறிக்கையாக வெளிவருகிறது. தரமும் சேவைக்காலமும் தெரிந்தால் ஒருவர் சம்பளத்தை மற்றவர் கணக்கிட்டுவிடலாம். இதனால் எவருடைய மானமும் போய்விடவில்லை. 2021இல் சம்பள முரண்பாட்டை எதிர்த்து ஆசிரியர்களும் அதிபர்களும் நாடெங்கும் ஒன்றாக நின்றபோது, கணக்கு எல்லோர் கையிலும் இருந்தது.

தனியார் நிறுவனங்கள் பலவற்றில் நிலைமை வேறு. முதலாளிக்கு எல்லோருடைய சம்பளமும் தெரியும். தொழிலாளிக்குத் தன்னுடையது மட்டுமே தெரியும். ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு நடத்தும் பேரம் நேர்மையான பேரமாகுமா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், குட்இயர் ரயர்த் தொழிற்சாலையில் லில்லி லெட்பெற்றர் என்ற பெண் 1979 முதல் பணியாற்றினார். ஓய்வு பெறும் காலம் நெருங்கிய வேளையில், பெயர் குறிப்பிடாத துண்டுக் கடிதம் ஒன்று உண்மையை உணர்த்தியது. 1997இன் இறுதியில் அவருடைய மாதச் சம்பளம் 3,727 டொலர். அதே பதவியிலிருந்த ஆண்களுள் மிகக் குறைவாகப் பெற்றவருக்கே 4,286 டொலர். அவர் வழக்குத் தொடர்ந்தார். காலம் கடந்துவிட்டது என்று கூறி 2007இல் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. 2009இல் அவர் பெயரால் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அவருக்கு அதனால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. மௌனம் அவரிடமிருந்து பணத்தை மட்டுமன்றி, நீதி கேட்கும் காலத்தையும் பறித்துவிட்டது.

சம்பளத்தைச் சொன்னால் பொறாமை வளரும் என்பர். காரணமுள்ள வேறுபாடு, காரணத்தை எடுத்துச் சொன்னால் நிலைக்கும். காரணமற்ற வேறுபாட்டுக்கே இருள் தேவைப்படுகிறது.

அப்படியாயின், முதலில் வாய் திறக்க வேண்டியவர் யார்? குறைவாகப் பெறுபவர் கேட்டால் அது முறைப்பாடாகவும், சில வேளை இரத்தலாகவும் தோன்றும். வேலை போய்விடும் என்ற அச்சமும் அவருக்கே அதிகம். ஆகவே கடமை கூடுதலாகப் பெறுபவருடையது. தம் சம்பளத்தைச் சொல்வதால் அவர் இழப்பது சிறிது. கேட்பவரோ தம் உழைப்பின் விலையை அறிந்துகொள்கிறார்.

‘என் சம்பளம் என் சொந்த விஷயம்’ என்பது பாதி உண்மையே. அதைச் செலவிடுவது சொந்த விஷயம். அது நிர்ணயிக்கப்படும் முறையோ உடனுழைப்போர் அனைவருக்கும் பொதுவானது.