ஓய்வும் அதன் எல்லையும்

உழைப்புக்கு அறம் உண்டு என்பதை யாவரும் ஒப்புவர். ஓய்வுக்கும் அறம் உண்டோ என்று நாம் வினவுவது அரிது. பிறருக்குத் தீங்கு செய்யாத வரையில் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழித்தாலும் குற்றமில்லை என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதைக் கைபேசியில் ஆடப்பெறும் இரண்டு சிறு விளையாட்டுகளைக் கொண்டு ஆராய்வோம்.

இவை போர் விளையாட்டுகள் அல்ல. இவற்றில் எவரையும் சுடுவதில்லை, எவரையும் வெல்ல வேண்டியதும் இல்லை. பெரிய நிறுவனங்களின் துணையின்றித் தனியொருவர் ஆக்கியவை. களைத்த மனம் சில நிமிடம் இளைப்பாறுவதற்கென எழுந்தவை.

முதலாவது, வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டோங் நுயென் என்னும் இளைஞர் 2013 மே மாதத்தில் வெளியிட்ட 'ஃபிளாப்பி பேர்ட்'. திரையை விரலால் தட்டினால் சிறு பறவையொன்று மேலெழும். குழாய்களின் இடைவெளியில் அது மோதாமல் செல்ல வேண்டும். மோதினால் ஆட்டம் முடியும். அந்நொடியே மீண்டும் தொடங்கலாம். 2014இன் தொடக்கத்தில் இது உலகெங்கும் பரவியது. விளம்பரங்களால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 டாலர் வருவாய் கிடைத்ததாகச் செய்திகள் வெளிவந்தன. ஆயினும் அவ்வாண்டு பிப்ரவரியில் நுயென் தாமே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஓய்வான வேளையில் சில நிமிடம் ஆடுவதற்கென ஆக்கியது, விடமுடியாத பழக்கமாக மாறிவிட்டது என்பதே அவர் கூறிய காரணம்.

இரண்டாவது, அமெரிக்காவில் வாழும் ஜாஷ் வார்டில் என்பவர் தம் வாழ்க்கைத் துணைக்காக உருவாக்கி, 2021 அக்டோபரில் அனைவருக்கும் திறந்துவிட்ட 'வேர்டில்'. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிகளுக்குள் கண்டறிய வேண்டும். வெளிவந்தபோது அதில் விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. நாளொன்றுக்கு ஒரே சொல்தான். கண்டறிந்தாலும் தவறினாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் இதனை விலைக்கு வாங்கியது.

ஒருவர் எல்லையை முன்னரே வகுத்தார். மற்றவர் எல்லை மீறப்பட்டதைக் கண்டபின் நிறுத்தினார். ஆடுபவர் அளவு மீறினால் ஆக்கியவர் என் செய்வார், கத்தி செய்யும் கொல்லர் மீது பழி உண்டோ என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கத்தி தன்னை மீண்டும் மீண்டும் எடுக்குமாறு எவரையும் அழைப்பதில்லை. மோதிய நொடியில் மறுதொடக்கத்தை நீட்டும் திரையோ அழைக்கிறது. அவ்வழைப்பை அமைத்தவருக்கு அதன் விளைவிலும் பங்கு உண்டு. எண்ணித் தீங்கு செய்யாதவரும், தம் செயலால் தீங்கு விளைவதை அறிந்தபின் வாளாவிருத்தல் ஆகாது. நுயென் பெருவருவாயைத் துறந்தது இதனை உணர்ந்தமையால் என்றே கொள்ளலாம்.

எனினும் பொறுப்பு முழுவதையும் ஆக்கியவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது. 'இன்னும் ஒரே முறை' என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்ட இரவுகள் நம்மிடையே இல்லையா? பிள்ளை கேட்ட கேள்விக்குத் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் விடை சொன்ன மாலைப்பொழுதுகள் இல்லையா? அங்கே எவ்வுயிரும் துன்புறுத்தப்படவில்லை என்று நாம் அமைதி கொள்கிறோம். கேட்ட பிள்ளையின் முகம் வாடியதை நாம் காணவில்லை. கண் திரையில் அல்லவா இருந்தது!

ஓய்வு என்பது மீண்டு வருதற்குரிய இடம். களைப்புடன் சென்று தெளிவுடன் திரும்பினால் அது ஓய்வு. சென்றவர் திரும்ப மறந்தால் அதுவும் ஒரு தளையே. விளையாட்டு மென்மையானதா, வன்மையானதா என்பது மட்டும் இதனை முடிவு செய்யாது. அதற்கு முடிவு உண்டா என்பதும் நோக்கத்தக்கது.

நுகர்பொருள்களுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லறத்தாராகிய நமக்குப் புதிதன்று. உணவுக்கும் உடைமைக்கும் வகுக்கும் அளவை ஓய்வுக்கும் வகுப்போம். ஆக்கியவர் எல்லை வைத்திருப்பின் அதனை மதிப்போம். வைக்காதவிடத்து, விளையாட்டைத் திறக்கும் முன்னரே நாமே வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லும் முன் நாம் கடைப்பிடித்துக் காட்டுவோம்.