பிள்ளைக்காகச் சொல்லும் பொய்

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. செபராங் பிறையின் தெற்கே, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த இந்த ஊரில் இப்போது தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் பெருகிவிட்டன. 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம் பக்கத்துப் பத்து காவானில் வந்து இறங்கிய பிறகு மாற்றம் இன்னும் வேகமெடுத்தது. ஆனால் தோட்டம் போன வேகத்தில் தோட்டத்துக் காகிதச் சிக்கல் போகவில்லை. இத்தகைய ஊர்களின் பல வீடுகளில் துணி அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். தாத்தாவின் சிவப்பு ஐசி (நிரந்தரவாசியின் அடையாள அட்டை) நகல், பாட்டியின் பிறப்புப் பத்திரம், பதிவிலாகாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள். தோட்ட எழுத்தரான கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். ரூமி எனும் ரோமன் எழுத்தில் ஓர் எழுத்து கூடிப்போனதற்காகச் சத்தியப் பிரமாணம் எடுத்தவர்கள் உண்டு.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மாப்பிள்ளை குடிமகனுக்குரிய நீல ஐசி வைத்திருக்கும் மலேசியர். பெண் தஞ்சாவூர்ப் பக்கம். கோயிலில் தாலி கட்டியாயிற்று. பதிவு செய்வதற்கோ பெண் மணமாகாதவர் என்று தூதரகக் கடிதம் வேண்டும். கடிதம் வந்து சேர்வதற்குள் ஆண் குழந்தை பிறந்துவிடுகிறது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் 1982 மார்ச் 1 முதல் பதிவு செய்தால்தான் சட்டப்படி திருமணம். கோயில் தாலி ஊருக்குச் செல்லும், பதிவிலாகாவுக்குச் செல்லாது. பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கு அரசியலமைப்பு தாயின் நிலையைத்தான் பார்க்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கநெகாரா’ என்று விழுகிறது. குடிமகன் அல்ல என்று அதற்குப் பொருள்.

அப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: “அக்கா பேர்ல பதிஞ்சிடலாம் தம்பி. அவளும் நம்ம ரத்தந்தானே.”

அந்தப் பொய் தவறா?

தவறில்லை என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை. யாருடைய சொத்தும் பறிபோகவில்லை. ஐசி இல்லாமல் வளர்ந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம். வேலை, வங்கிக் கணக்கு, கல்யாணம் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு தடை. மனிதர் வகுத்த விதி ஒன்று மழலையின் வாழ்வை நெரிக்கும்போது, அந்த விதியை ஏமாற்றுவது பாவமா? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் பக்கத்தில் வைக்கலாம் என்று வள்ளுவரே ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறார்.

அந்த வாசல் குறுகலானது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அக்கா பேரில் பதிந்தால் என்ன ஆகிறது? பெற்ற அப்பன் காகிதத்தில் தாய்மாமன் ஆகிறான். பத்து மாதம் சுமந்தவள் அத்தை ஆகிறாள். அடுத்த ஆண்டு திருமணத்தைப் பதிந்து, அதன்பின் மகள் ஒருத்தி பிறந்தால், கூடப்பிறந்த தங்கை அவனுக்கு முறைப்பெண்! அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் உரிமை பெற்றவளுக்கு இல்லை. அப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்குப் பங்கில்லை. பொய் வெளிப்படும் நாளில் பறிபோவது பெரியவரின் ஐசி அல்ல, பிள்ளையின் ஐசி. பொய்யைச் சொல்பவர் ஒருவர், தண்டனையைச் சுமப்பவர் இன்னொருவர் என்றால் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க முடியாது. ஒரு பொய்ப் பத்திரம் பிடிபட்டால், அடுத்து உண்மைப் பத்திரத்தோடு வரிசையில் நிற்பவரையும் கவுண்டரில் இருப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஆகவே பொய் தவறுதான். ஆனால் தீர்ப்பை அந்த வீட்டோடு முடித்துக்கொள்வது நேர்மையாகாது. மெய் சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மலேசியத் தந்தைக்கும் வெளிநாட்டுத் தாய்க்கும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை ஒன்றின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்தே பெற்றோரின் திருமணம் பதிவானது. 2021 மே 28 அன்று ஏழு நீதிபதிகளில் நால்வர் குடியுரிமை இல்லை என்றனர். மூவர் உண்டு என்றனர். நாட்டின் உச்ச நீதிபீடமே இப்படிப் பிளவுபட்ட கேள்வியில், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி சரியான விடையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

வேறு வழி, அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மனுப் போடுவது. சிறப்புச் சூழ்நிலையில் குறிப்பிட்ட வயது வரம்புக்கு உட்பட்ட பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. மனு ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். நிராகரித்தால் பல வேளைகளில் காரணம் சொல்லப்படுவதில்லை. குடியுரிமை பற்றிய அரசின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் ஒரு கையால் கொடுத்தது: மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் தந்தைவழி போலவே உரிமை. மறு கையால் இந்த மனுவுக்கான வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. வயது வரம்பு உள்ள மனுவில் தாமதம் என்பது வெறும் காத்திருப்பு அல்ல. ஃபைல் மேசையில் கிடக்கும்போதே பிள்ளைக்கு வயது கடந்துவிட்டால், நிராகரிப்புக்குப் பிறகு மீண்டும் மனுப் போடும் வாசலும் மூடிவிடுகிறது.

அரசின் பக்கமும் நியாயம் உண்டு. குழந்தை விற்பனை நடக்கும் உலகில் ஒவ்வொரு பத்திரத்தையும் சோதிக்காமல் ஐசி கொடுக்க முடியாது. சோதிக்கட்டும். ஆனால் சோதனைக்குக் கெடு வேண்டும், மறுப்புக்குக் காரணம் வேண்டும். மனமிருந்தால் வேகம் வரும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. உக்ரைன்மீது போர் தொடங்கியது 2022 பிப்ரவரி 24. 2001 முதல் பயன்படாமல் கிடந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் மார்ச் 4 அன்றே எடுத்துச் செயல்படுத்தியது. தனித்தனி விசாரணை இல்லாமல் இலட்சக்கணக்கானோருக்குத் தங்கும் உரிமையும் வேலை செய்யும் உரிமையும் கிடைத்தன. அது குடியுரிமை அல்ல, தற்காலிக நிழல்தான். ஆனாலும் தங்கி வேலை செய்ய அந்த நிழல் போதுமானதாக இருந்தது. மறுபக்கம், 1948-இல் இலங்கையில் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003-இல். இரண்டுமே காகித வேலைதான்.

மெய்யை எட்டாத உயரத்தில் வைத்த நிர்வாகம், பொய்யின் பாவத்தில் பெரிய பங்கைச் சுமக்க வேண்டும். அதற்காகப் பொய் புண்ணியமாகிவிடாது. கோயிலுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே, பூமாலைக்கும் நாதஸ்வரத்துக்கும் கணக்குக் கேட்பதுபோல, “ரிஜிஸ்டர் ஆயிடுச்சா?” என்றும் கோயில் நிர்வாகம் கேட்கலாம். திருமணப் பதிவு உதவி அதிகாரிகளாக நியமனம் பெற்ற கோயில் பொறுப்பாளர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ வெளிநாட்டவர் என்றால் தூதரகக் கடிதம் கைக்கு வந்த பிறகே முகூர்த்தம் குறிக்கச் சொல்லலாம். தாலிக்கு முன்னால் விழும் ஒரு கையெழுத்து, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெற்றவளை அம்மா என்று எழுதும் உரிமையைத் தரும்.