மழலை மொழிந்த 'எனது'

திருச்சிற்றம்பலம்

மக்கட்பேறு இல்வாழ்வார்க்குச் சிறந்த பேறென்பது யாவரும் ஒப்ப முடிந்தது. ஆயின், மகவின்பாற் பெற்றோர் கொள்ளும் அன்பு உயிர்க்குத் தளையாவதோ, உறுதி பயப்பதோ என்னும் வினாச் சைவ நன்மக்கள் ஆராய்தற்குரியது. அதனைக் குழவியின் செயலொன்றை முன்னிட்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

என் தலைமகன் மூன்றாம் ஆண்டிற் புகுந்தகாலை அவனுடைய இயல்புகள் எம் இல்லத்தார்க்குப் பெருவிருந்தாயின. திருக்கோயில் மணியோசை கேட்பின் வாயிற் கொண்ட சோற்றை மெல்லாது அசைவற்று நிற்பான். திருநீற்றுக் கலத்தைக் காணின் தன் நெற்றியிலும், பின்னர் என் முழங்காலிலும், அதன்பின் வீட்டுப் பூனையின் தலையிலும் பூசுவான். தாய் நிலவைக் காட்டி அழைக்கச் சொன்னால், அழைத்தும் அது வாராமை கண்டு சினவாது, தன் கையிலுள்ள தின்பண்டத்தை அதற்கு நீட்டுவான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் அம்புலிப் பருவத்தைத் தேடி நெடுந்தொலைவு சென்றிலர் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

இவற்றோடு 'எனது' என்னும் சொல்லையும் அவன் கற்றான். கற்றபின் கண்டனவெல்லாம் அவனுடையனவாயின. என் சுவடியும் அவனது. அண்டை வீட்டுக் கன்றும் அவனது. வீதியிற் செல்லும் திருத்தேரும் அவனதே. யாம் கேட்டு நகைத்தோம்.

ஒருநாள் அவனைத் தோளிற் சுமந்து மலைவலம் வந்தேன். இடையில் இறங்கியவன் கூழாங்கல்லொன்றை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான். நிருதிலிங்கத்தின் திருமுன் கைகூப்பச் சொன்னேன். கல்லை விட்டாலன்றிக் கைகள் கூடா; அவனோ விட்டிலன். 'என் மகன் இறைவன்முன் கைகூப்பாது நிற்பதா!' என வெகுண்டு, அவன் விரல்களைப் பிரித்துக் கல்லை எறிந்தேன். அவன் அழுதான். அதன்பின் பன்னாள் என்னைக் காணுந்தோறும் இரு கைகளையும் முதுகின்பின் மறைத்துக்கொண்டான்.

குழவி சொன்ன 'எனது' என்பதில் ஆணவத்தின் முளையைக் கண்டேன். 'என் மகன்' என்ற என் சொல்லில் அது மரமாய் நின்றதைக் கண்டிலேன்.

திருவெண்ணெய்நல்லூரிலே மெய்கண்டார் இளங்குழவியாயிருந்து உபதேசித்த காலத்து, முதுபெரும் புலவராகிய சகலாகம பண்டிதர் சென்று ஆணவமலத்தின் வடிவு யாதென வினவ, அப்பிள்ளையார் அவரையே சுட்டிக் காட்டினார் என மரபு கூறும். அவரே பின்னர் அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞானசித்தியார் அருளினார். இவ்வரலாற்றைப் பலகாற் பாடஞ்சொல்லிய யான், அச்சுட்டுவிரல் என்னையும் சுட்டுமென்று அறிய நெடுநாள் ஆயிற்று.

உயிர் அநாதி. அதனைப் பெற்றோர் படைத்திலர். தன் வினைக்கீடாக இறைவன் கூட்டிய உடம்பொடு அது நம் மனைக்கு வருகின்றது. வருங்கால் தனக்குரிய இயல்பையும் உடன்கொண்டே வருகின்றது. ஒரு வயிற்றிற் பிறந்தாருள் ஒருவன் நிலவுக்கு உண்டி நீட்டுதலும், மற்றொருவன் உடன்பிறந்தான் கைப்பண்டத்தைப் பறித்தலும் இதனால் அமைவனவே.

அஃதேல், மகவு நமதன்றாயின் அன்பும் காவலும் வேண்டாவோ எனின், அற்றன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் சித்தாந்தத் துணிபு. கொடியைக் கொழுகொம்பு படைப்பதில்லை. ஆயினும் கொம்பின்றிக் கொடி ஏறுவதுமில்லை. பெற்றோர் மகவுக்கு நற்சார்பாய் நிற்கக் கடவர். அன்பு குற்றமன்று, அவ்வன்பின்மேல் ஏறிய உடைமை எண்ணமே குற்றம். கைகூப்புதலை யான் கூப்பிக் காட்டியிருத்தல் வேண்டும். அவன் விரலைப் பிரித்திருத்தல் வேண்டா.

இத்தலத்தில் 14ஆம் நூற்றாண்டில் இருந்தாண்ட போசள வேந்தனாகிய வல்லாளன் மகப்பேறின்றி வருந்த, அண்ணாமலையார் குழவியாய் அவன் கைக்கு வந்து, அக்கணமே மறைந்தருளினார் என்பது சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தாற் போந்த செய்தி. அம்மன்னன்பொருட்டு ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பெருமான் பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளிக் கவுதம நதிக்கரையில் மகன் செய்யும் கடனை ஆற்றியருளுதலை இன்றும் காண்கிறோம். கையில் நில்லாத குழவி கடனை மறந்திலது. தன்னதென்று பற்றிக்கொள்ளுதற்கு வல்லாளனுக்கு ஒரு கணமும் கிட்டிற்றிலது. அவன் வைத்த அன்போ இத்துணை நூற்றாண்டுகள் கடந்தும் வீண்போகவில்லை.

இப்பொழுது என் மகனுக்கு ஒரு மகவுண்டு. அண்மையில் மூவேமும் மலைவலம் சென்றேம். அக்குழவியும் வழியில் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டது. என் மகன் அதன்முன் குந்தியிருந்து, 'அப்பாவுக்குக் காட்டுவாயா?' என்றான். சிறிது நேரம் அவன் முகத்தையே நோக்கிய குழவி, தானே விரல்களை விரித்தது.

திருச்சிற்றம்பலம்