நோயாளியின் மறுப்பு

வைத்தியர் செய்யக் கருதிய பரிசோதனையொன்றை நோயாளி வேண்டாமென்று விலக்கலாமோவெனின், விலக்கலாம். பிராயமும் தெளிந்த புத்தியும் உடையவனது சரீரத்தில் அவன் சம்மதமின்றிக் கைவைத்தல் தகாதென நியூயோர்க் நீதிபதி கார்டோசோ 1914 ஆம் ஆண்டிலேயே தீர்ப்புரைத்தார். நினைவிழந்தவனது அவசரம் வேறு. ஆயின் விலக்குவோன் எதுபற்றி விலக்குகின்றான் என்பதே ஆராயற்பாலது.

சென்ற வருஷம் கடுஞ்சுரமும் தலைநோவும் பிடரிவிறைப்பும் கொண்டு ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிற் கிடந்தேன். மூளைக்காய்ச்சலோவென ஐயுற்ற வைத்தியர், முள்ளந்தண்டில் ஊசியிட்டு நீரெடுத்துப் பார்த்தல்வேண்டும் என்றார். மறுத்தேன். "மாஸ்ரர், படிச்ச நீங்களே இப்பிடிச் சொல்லலாமோ?" என்றார் தாதி. "உடம்பு என்னுடையது, எனக்கு வேண்டாம்" என்றேன். சொல் தடித்தது. ஈற்றில் ஒரு தாளை நீட்டினர், கையொப்பமிட்டேன். நோயின் வகை துணியாமலே மருந்தேற்றினர். பிழைத்தேன்.

பிழைத்தமையால் மறுத்தது நன்றாயிற்றென்பாருளர். உபாத்தியாயர்களே, பிழையான வழியிற் கணக்குச் செய்து சரியான விடை பெற்ற மாணாக்கனுக்கு நாம் முழுப்புள்ளி வழங்குகின்றோமா?

மறையாது சொல்லுமிடத்து, யான் மறுத்தது கொள்கையாலன்று, அச்சத்தாலேயாம். அவ்வூசியாற் கால் வழங்காமற்போன ஒருவரைப்பற்றிச் சிறுவயதிற் கேட்ட கதையே காரணம். வளர்ந்தோர்க்கு முண்ணாணானது நாரிப்பகுதியின் முதலாம் இரண்டாம் முள்ளந்தண்டென்புகளின் அளவிலே முடிந்துவிடுகின்றது; ஊசியோ அதன்கீழே, பெரும்பாலும் மூன்றாம் நான்காம் என்புகளினிடையே செல்வது. ஜேர்மனியிற் குவிங்கே என்பார் 1891 இல் வெளியிட்ட முறை இஃது. இத்தனையும் வீடு திரும்பிய பின்னரே கற்றேன். அன்று எவரும் சொல்லிற்றிலர், யானும் கேட்டிலேன். மிசன் பள்ளியிலே தவளையை அறுத்து முண்ணாணைக் கண்ணாரக் கண்டவன் யான்!

அப்பரடிகளது சூலையைத் தீர்த்தது திருநீறன்றோ, ஊசி எதற்கென்று ஆறுதல் கூறிய அன்பரும் ஒருவருளர். அவர் தமது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்வித்துக்கொண்டவர்.

"உடம்பு என்னுடையது" என்ற சொல்லும் சைவனுக்கு ஏற்புடைத்தன்று. தனு கரண புவன போகங்கள் ஆன்மா ஈடேறும்பொருட்டு இறைவன் தந்தவை. ஆகலின் உடம்பு இரவற்பொருள். அற்றேல், வைத்தியர் இஷ்டப்படி விட்டுவிடுதலோ முறை? அன்று. இரவற்பொருளுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவன் அதனைப் பெற்றவனே. திருவள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். அவ்விடத்து நிற்பவன் ஏன், எங்ஙனமென்று வினாவாது வாளா மறுத்தலும் வாளா இசைதலும் ஒக்கும். விடைகூறப் பொழுதில்லையென்று தாளை நீட்டிய வைத்தியரும் தம் கூற்றிற் குறைந்தவரே.

எனினும் என்னை வருத்துவது பிறிதொன்று. பத்து வயதில் என் மகன் அக்கட்டிலிற் கிடந்திருப்பினும், அதே கதையை நம்பி அதே தாளிற் கையொப்பமிட்டிருப்பேன். அக்கையொப்பத்துக்கு எவ்வுரிமையைக் காட்டியிருப்பேன்?