மூலக்கூறும் தாய்மையும்

மனித உடலை ஆக்கும் பிரதான சேதன மூலக்கூறுகள் நால்வகைப்படும்: காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நியூக்கிளிக்கமிலம். சேதனம் என்னுஞ் சொல் அறிவுடைப் பொருளைக் குறிப்பது. இவற்றுக்கோ அறிவென்பது இல்லை. எனினும், ஒரு குழந்தையின் தாய் யார் என்ற வினா எழுந்தபோது மனிதர் இவற்றுள் ஒன்றையே சாட்சியாக அழைத்தனர்.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தைச் சிதைத்தது. அன்று கல்முனை மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட ஆண் குழந்தையொன்று, அனுமதி எண்ணாலேயே, 'எண்பத்தொன்று' என உலகெங்கும் அறியப்பட்டது. உரிமை கோரிய பெற்றோரின் ஆவணங்களையும் அலை கொண்டுபோயிருந்தது. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு ஆணையிட்டது. 2005 பெப்ரவரியிற் குழந்தை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தாய் கண்டவுடன் அறிந்ததைச் சட்டம் பல வாரங்களின் பின்னரே அறிந்தது. இதற்காகச் சட்டத்தைப் பழித்தல் தகாது. பிள்ளையை இழந்த வேறொருத்தி அக்குழந்தையைத் தன்னதென மயங்கி அழுதிருப்பின், அக்கண்ணீரும் பொய்யன்று.

கல்முனைக்குத் தெற்கே, அதே கரையிலுள்ள நிந்தவூரில் வேறொரு தாய்மையும் நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வருகிறது. அங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ சட்டமரபின்படி, இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலூட்டியவள் குழந்தைக்குத் தாயாகிறாள். அவள் பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்புகள். அவர்களை அது மணத்தல் ஆகாது. வாரிசுரிமை மட்டும் இவ்வுறவால் வருவதில்லை.

பாலிலுள்ளவை எவை? லக்டோசு என்னும் காபோவைதரேற்று, கொழுப்பாகிய இலிப்பிட்டு, கேசீன் முதலாய புரதங்கள். குடலில் லக்டோசு குளுக்கோசாகவும் கலக்டோசாகவும் பிளவுறும், புரதம் அமினோ அமிலங்களாகும், கொழுப்பும் சிதையும். ஊட்டியவளின் முத்திரை அச்சிதைவுகளில் தங்குவதில்லை. அதே குளுக்கோசை மேற்கு வயல்களின் நெல்லும், அதே அமினோ அமிலங்களைக் கிழக்குக் கடலின் மீனும் பின்னர் தந்துவிடும். அவ்வாறு கட்டிய உடலும் நிலைப்பதில்லை: உடற்புரதம் ஓயாது சிதைந்து புதுப்பிக்கப்படுவதை 1930களில் ஷோன்ஹைமர் நைதரசன் சமதானியைக் கொண்டு காட்டினார்.

ஆகவே நியூக்கிளிக்கமிலம் சொல்வது பிறப்பை. அதில் எவருடைய தெரிவும் இல்லை. பால் ஒருத்தி விரும்பிச் செய்த செயல். முன்னதற்கு அழியாச் சான்று உண்டு. பின்னதற்கோ பாலூட்டியவளின் சொல்லும் கண்டவர்களின் நினைவுமே உண்டு. இருபது ஆண்டுகளின் பின், சிறந்ததொரு சம்பந்தம் பேசப்படும் வீட்டில், "இந்தப் பிள்ளைக்கு நான் பால் கொடுத்திருக்கிறேன்" என்று ஒரு முதியவள் கூறினால், அதைச் சோதிக்க ஆய்வுகூடம் இல்லை. கல்யாணம் குலையுமே என்றஞ்சி அவள் வாய்மூடியிருந்தாலும், எந்த மூலக்கூறும் அவளைக் காட்டிக்கொடுக்காது.